பத்ருக் களத்தில் எழுந்த பிணக்கு



பத்ருப் போரைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு றமழான் பிறை 17இல், அதாவது கி.பி. 624 மார்ச் மாதத்தில், ஏறத்தாழ 313 முஸ்லிம்கள் 70 ஒட்டகங்களோடும் இரண்டே குதிரைகளோடும் சென்று, சுமார் 1000 பேர் கொண்ட குறைஷிப் படையை முறியடித்தார்கள். எதிரிகளில் 70 பேர் மாண்டனர். 70 பேர் சிறைப்பட்டனர். முஸ்லிம்களில் 14 பேர் ஷஹீதானார்கள். நமது மிம்பர்களில் இவ்வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றது. ஆனால், வெற்றி கிட்டிய அன்றிரவே அந்த உத்தமர்களுக்கிடையில் ஒரு பிணக்கு மூண்டது என்பதையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

புறமுதுகிட்டோடிய எதிரியை ஒரு சாரார் துரத்திச் சென்றனர். மற்றொரு சாரார் களத்தில் கிடந்த பொருட்களைச் சேகரித்தனர். இன்னொரு சாரார், பகைவர் திரும்பிவந்து தாக்கக்கூடுமென அஞ்சி, அண்ணல் நபி (ஸல்) அவர்களைச் சூழ்ந்து காவல் நின்றனர். இரவானதும் அனைவரும் ஒன்றுகூடினர். பொருளைத் திரட்டியவர்கள் அது தமக்கே உரியது என்றனர். நாங்கள் துரத்தியிராவிட்டால் நீங்கள் எதைத் திரட்டியிருப்பீர்கள் என்று மற்றவர்கள் வினவினர். காவல் நின்றவர்களும் தமது பங்கைக் கோரினர். மூன்று தரப்பிலும் நியாயம் இருந்தது. நம்மவர்களின் காணிப் பிணக்குகளும் இப்படித்தானே! எவரும் முற்றிலும் பொய்யுரைப்பதில்லை. அதனால்தான் அவை தீர்வதுமில்லை.

இந்நிகழ்வை நமக்கு அறிவித்தவர் உபாதா இப்னு ஸாமித் (ரழி) அவர்கள். அகபாவில் தெரிவுசெய்யப்பட்ட பன்னிரு தலைவர்களுள் ஒருவர், பத்ரிலும் கலந்துகொண்டவர். தமது கூட்டத்தாரின் நற்பண்பு அவ்வேளையில் குன்றிப்போயிற்று என்பதை அவர் மறைக்கவில்லை.

அப்போதுதான் ஸூரத்துல் அன்பாலின் முதல் வசனம் இறங்கியது. இன்ன தரப்பே சரியானது என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. அப்பொருள் அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்கும் உரியது என அறிவித்து, அதை அனைவரது கரங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. இறைவனை அஞ்சுமாறும், தமக்கிடையிலான உறவைச் சீர்செய்து கொள்ளுமாறும், அல்லாஹ்வுக்கும் ரஸூலுக்கும் கீழ்ப்படியுமாறும் பணித்தது. கேள்வி பொருளைப் பற்றியது. விடையோ உள்ளங்களைப் பற்றியது. ஐந்திலொரு பகுதி அல்லாஹ்வுக்கும், தூதருக்கும், அவரது உறவினருக்கும், அநாதைகளுக்கும், ஏழைகளுக்கும், வழிப்போக்கருக்கும் என்ற பங்கீட்டு விபரம் அதே அத்தியாயத்தின் 41ஆவது வசனத்திலேயே வருகின்றது. இந்த இடைவெளியைக் குர்ஆனைத் திறந்து நீங்களே ஒருமுறை பாருங்கள்.

மதீனாவுக்குத் திரும்பும் வழியில், ஸஃப்ராக் கணவாயைக் கடந்ததும், பெருமானார் (ஸல்) அவர்கள் அப்பொருட்களை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். அன்னாரின் மகளும் தமது மனைவியுமான ருகையா (ரழி) அவர்களின் நோய்ப்படுக்கையருகே மதீனாவில் தங்கியிருந்த உஸ்மான் (ரழி) அவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. எவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. அன்று அவரது இளைய சகோதரர் உமைர் (ரழி) ஷஹீதாகியிருந்தார். களத்தில் தாம் கைப்பற்றிய ஒரு வாளை ஸஅத் மிகவும் விரும்பினார். அதைத் தமக்குத் தருமாறு நபியவர்களிடம் வேண்டினார். குவியலில் கொண்டுபோய் வைத்துவிடுமாறு கட்டளை வந்தது. சகோதரரையும் இழந்து, வாளையும் இழந்து நடந்த அந்நேரத்தில் தமது மனம் பட்ட பாட்டை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கின்றார். ஆயினும் மறுபேச்சின்றிச் சென்றார். அவர் சற்றுத் தூரம்தான் போயிருப்பார், வசனம் இறங்கியது. நபியவர்கள் அவரை அழைத்து, அந்த வாளை எடுத்துக்கொள்ளுமாறு கூறினார்கள்.