முயலின் கண்

1970-களின் தொடக்கம். நியூயார்க் பள்ளி ஆசிரியர் ஹென்றி ஸ்பைராவின் வீட்டில் நண்பர் ஒருவர் தன் பூனையை விட்டுவிட்டுப் போனார். கப்பல் தொழிலாளியாகவும் கறுப்பின மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தவராகவும் இருந்த ஸ்பைரா, அதுவரை விலங்குகளைப் பற்றி யோசித்ததே இல்லை. பூனை மடியில் ஏறிப் படுத்ததும் மனதைக் குடைந்தது ஒரு கேள்வி: ஒன்றைக் கொஞ்சிக்கொண்டே இன்னொன்றைக் கறியாக்கித் தின்பது நியாயமா? விடை ஒரு மாலை வகுப்பில் காத்திருந்தது.

1974-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சிங்கர் என்ற இளம் தத்துவப் பேராசிரியர், வலி யாருக்கு வந்தாலும் வலிதான் என்று பாடம் நடத்தினார். கடைசி வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் கலைய எழுந்தார்கள். ஸ்பைரா மட்டும் விடவில்லை. இனி என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டு, சிலரைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்.

அவர்கள் முதலில் எதிர்த்தது, அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பூனைகள் மீது நடத்திவந்த கொடூர ஆய்வுகளை. 1977-இல் அவை நின்றன. கோடிக்கணக்கில் உயிர்கள் வதைபடும்போது அடுத்து எதைத் தொடுவது? துன்பம் எவ்வளவு, வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று ஸ்பைரா கணக்குப் போட்டார். கணக்கு ரெவ்லான் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் வாசலில் போய் நின்றது.

அங்கே முயல்கள் மீது நடந்தது, 1940-களில் அமெரிக்க அரசு விஞ்ஞானி ஜான் டிரெய்ஸ் வகுத்த சோதனை. முயல்களை அசையாமல் பிடித்துவைத்து, கண்ணில் ரசாயனத்தை விட்டு, புண்ணாகிறதா என்று பார்ப்பார்கள். மாற்றுவழி தேட நிதி ஒதுக்குமாறு ரெவ்லான் நிறுவனத்திடம் ஸ்பைரா பேசிப் பார்த்தார். ஓராண்டுக்கு மேல் இழுத்தும் பேச்சு நகரவில்லை.

1980 ஏப்ரல் 15. நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம். அழகுக்காக எத்தனை முயல்களின் கண்ணை ரெவ்லான் குருடாக்குகிறது என்று அது கேட்டது. ஊரே கொதித்தது. ஆண்டு முடிவதற்குள், மாற்றுவழி ஆய்வுக்கு 7,50,000 டாலர் தர ரெவ்லான் முன்வந்தது. ஏவான் நிறுவனமும் பின்தொடர்ந்தது. ஆனால், எந்தப் பொருள் வதையின்றி வந்தது என்று கடையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

1996-இல் விலங்குநல அமைப்புகள் ஒன்றுகூடி அதற்கொரு அடையாளத்தை உருவாக்கின. இன்று ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் துள்ளும் முயல் முத்திரை அதுதான். ஒப்பனைப் பொருட்களை விலங்குகள் மீது சோதிப்பதற்கு இந்தியா 2014-இல் தடை விதித்தது.

ஸ்பைராவோ ரெவ்லான் வெற்றிக்குப் பின் பண்ணைக் கோழிகளின் பக்கம் திரும்பியிருந்தார். எண்ணிக்கையில் பெரிய துன்பம் அங்கேதான் இருந்தது. 1998-இல் அவர் மறைந்தார். இரக்கம் எல்லோருக்கும் வரும்; அதை எங்கே செலவிட்டால் அதிக உயிர்களின் வலி குறையும் என்று கணக்கிடுவதும் அறமே.