தீக்குப் பின் பூத்தல் (செராடோ)

மத்திய பிரேசிலில் சுமார் 20 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் மரப்புல்வெளி செராடோ. அங்கே நிலம் எரிந்த சில நாள்களிலோ வாரங்களிலோ பல செடிகள் ஒருசேரப் பூப்பதை இத்தலைப்பு குறிக்கும். இவை பெரும்பாலும் தரையொட்டிய பல்லாண்டுச் செடிகள். மேலே தண்டும் இலையும் கருகினாலும் மண்ணுக்குள் தடித்த கட்டைப்பகுதி உயிரோடிருக்கும். அதில் சேர்த்துவைத்த உணவைக் கொண்டு, சில செடிகள் இலை விடுமுன்பே பூத்துவிடுகின்றன.

தீயைத் தாங்கும் செராடோச் செடிவகைகள் பெரும்பாலும் கடந்த 40 இலட்சம் ஆண்டுகளுக்குள் பெருகியவை என்று 2009இல் வெளியான மரபணு ஆய்வொன்று மதிப்பிடுகிறது.

இந்நிகழ்வு பற்றிய பழைய பதிவுகளில் விரிவானது டென்மார்க் தாவரவியலர் யூஜின் வார்மிங்குடையது. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, 1863இல், 21 வயதில், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் லகோவா சாந்தா என்ற சிற்றூருக்கு வந்தார். முன்பு குகைகளில் தொல்லுயிர் எலும்புகளைத் தேடிய பீட்டர் வில்லெம் லுண்டுக்கு உதவியாளர் வேலை. 1866 வரை தங்கி, ஊரைச் சுற்றி ஏறத்தாழ 2600 வகைத் தாவரங்களைச் சேகரித்தார். ஒரே சிற்றூரின் செடிகளை இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பது அக்காலத்தில் அரிது. மேய்ச்சலுக்காக ஊரார் புல்லுக்குத் தீ வைப்பதையும், எரிந்த கரியினூடே பூக்கள் எழுவதையும் கவனித்தார். இவை 1892இல் வெளிவந்த அவரது 'லகோவா சாந்தா' நூலில் இடம்பெற்றன. காட்டை மனிதர் எரித்ததாலேயே செராடோ உருவானது என்பது லுண்டின் கருத்து. வறட்சியே அடிப்படைக் காரணம் என்றார் வார்மிங். இவ்விவாதம் நெடுங்காலம் நீடித்தது.

1940களில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் பெலிக்ஸ் ராவிட்சரும் குழுவினரும், வறண்ட பருவத்திலும் ஆழ்மண்ணில் ஈரம் இருப்பதைக் காட்டினர்; இது வறட்சியே காரணம் என்ற கருத்தைத் தளர்த்தியது.

அதே பல்கலைக்கழகத்தின் லியோபோல்டோ மாக்னோ கூட்டினோ 1970களில் பூத்தலையே நேராக ஆராய்ந்தார். சில செடிகளைத் தீயின்றி, தரையோடு வெட்டிவிட்டாலும் அவை பூத்தன. அவற்றுக்குத் தூண்டுதல் வெப்பம் அன்று, மேற்பகுதியை இழப்பதே என்பது இதன் பொருளாகலாம். எல்லாச் செடிகளுக்கும் இது பொருந்துமா என்பது தீர்மானமாகவில்லை. தென்னாப்பிரிக்கத் தீ லில்லி ஒன்றைப் புகையே பூக்கத் தூண்டுவதாக 1993இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

புல்போஸ்டைலிஸ் பாரடாக்சா என்னும் கோரையினச் செடி தனியே சொல்லத்தக்கது. பழைய இலையடிகள் மூடிய அதன் கட்டைத்தண்டு, தீக்குப் பின் கரிக்கட்டை போலவே நிற்கும். அந்தக் கரியின் உச்சியிலிருந்து வெண்ணிறப் பூக்குஞ்சம் கிளம்பும். எரிந்து 24 மணி நேரத்திலேயே அது பூக்கத் தொடங்குவதை அலெசாண்ட்ரா பிடெலிஸ் குழுவினர் 2019இல் பதிவுசெய்தனர்.

செராடோவில் தீயை முற்றிலும் தடுப்பதே நெடுநாள் கொள்கையாக இருந்தது. 2014 முதல் சில காப்புப் பகுதிகளில் கட்டுப்படுத்திய எரிப்பு சோதிக்கப்பட்டது. ஒருங்கிணைந்த தீ மேலாண்மைக்கான தேசியச் சட்டம் 2024 ஜூலையில் பிரேசிலில் நிறைவேறியது.