நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்: சென்னையிலிருந்து போன ஒரு சர்வரின் கதை

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு வெள்ளைத் தாளில் இருந்து ஆரம்பிக்கலாம்.

மயிலாப்பூர்ல, தி.நகர்ல ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கோ, சின்ன டிரேடிங் கம்பெனிக்கோ போய்ப் பாருங்க. மேசைக்கு அடியில ஒரு பழைய கம்ப்யூட்டர் ராத்திரி பகலா ஓடிட்டு இருக்கும். அதுக்கு மானிட்டர்கூட இருக்காது. மேலே ஒரு தாள் ஒட்டியிருப்பாங்க: "சர்வர். ஆஃப் பண்ணக் கூடாது." இதை யார் இன்ஸ்டால் பண்ணினாங்கன்னு கேட்டா, "முன்னாடி ஒரு பையன் இருந்தான் சார், அவன்தான் போட்டுக் கொடுத்துட்டுப் போனான்"னு பதில் வரும்.

அந்தப் பையன் அன்னைக்கு என்ன பண்ணியிருப்பார்? ஒரு செட்டப் ஃபைலை டபுள் கிளிக் பண்ணியிருப்பார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு நாலஞ்சு தடவை அழுத்தியிருப்பார். கடைசியா ஃபினிஷ். பத்து நிமிஷ வேலை. இன்னைக்கு நாம பேசப் போறது அந்தப் பத்து நிமிஷத்தோட வரலாறு. அது எங்கேயிருந்து வந்தது, அதை வெச்சுக்கிட்டு சென்னைக் கம்பெனி ஒண்ணு எப்படி உலகம் முழுக்கப் போச்சு, கடைசி பட்டன்ல இருக்கிற அந்த 'ஃபினிஷ்'ங்கிற வார்த்தை நம்மை எங்கே கொண்டு போய் விட்டது, இந்த மூணையும் பார்ப்போம்.

சர்வர்னா யாரு?

மயிலாப்பூர்ல சர்வர்னு சொன்னா இன்னும் பல பேருக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஹோட்டல் சர்வர்தான். 1964ல வந்த 'சர்வர் சுந்தரம்' நாகேஷ். கம்ப்யூட்டர் சர்வரும் அதே வேலையைத்தான் பார்க்குது. ஒரு ஹோட்டல்ல ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு நம்பர் இருக்கும், ஒவ்வொரு டேபிளையும் ஒருத்தர் பார்த்துப்பார். அதே மாதிரி கம்ப்யூட்டருக்குள்ளேயும் 65,535 வரைக்கும் டேபிள் நம்பர் உண்டு. அதுக்குப் பேர் போர்ட். வெப் சர்வர் வழக்கமா 80ஆம் நம்பர் டேபிள்ல நிற்கும், சிலது 8080ல நிற்கும். யார் வந்து உட்கார்ந்து கேட்டாலும் ஆர்டர் எடுக்கும்.

சாதாரண மென்பொருளுக்கும் சர்வர் மென்பொருளுக்கும் இதுதான் வித்தியாசம். வேர்டு மாதிரி ஒரு புரோகிராமை நீங்க திறந்தாத்தான் அது ஓடும். சர்வர் உங்களுக்காகக் காத்திருக்காது. விண்டோஸ்ல அதை 'சர்வீஸ்' ஆகப் பதிஞ்சுட்டா, யாரும் லாகின் பண்ணாமலே, கம்ப்யூட்டர் ஆன் ஆன உடனே அது எழுந்து தன்னோட டேபிள்ல போய் நின்னுடும். கடை மூடியிருக்கா, முதலாளி இருக்காரான்னு அது பார்க்காது. இதை மனசுல வெச்சுக்கோங்க.

விசார்டு வந்த கதை

90களின் நடுவில் சென்னையில் ஆபீஸ் சர்வர் போடுவது ஒரு தனித் தொழில். நாவல் நெட்வேர் படித்தவர், யூனிக்ஸ் தெரிந்தவர் என்று ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஃபிளாப்பி ஃபிளாப்பியாக ஏற்ற வேண்டும், கட்டளைகளைக் கையால் அடிக்க வேண்டும், கன்ஃபிகரேஷன் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் சர்வர் எழாது.

'விசார்டு' என்ற முறையை மைக்ரோசாஃப்ட் 1991ல் பப்ளிஷர் என்ற மென்பொருளில் கொண்டுவந்தது. பெரிய வேலையைச் சின்னச் சின்னக் கேள்வியாக உடைத்து, ஒரு திரைக்கு ஒரு கேள்வி என்று கேட்பது. அந்த முறை சீக்கிரமே இன்ஸ்டால் பண்ணும் வேலைக்கும் வந்தது. இன்ஸ்டால்ஷீல்டு போன்ற கருவிகள் வந்த பிறகு, எந்தக் கம்பெனியும் தன் மென்பொருளை ஒரே செட்டப் ஃபைலாகக் கட்டிக் கொடுக்க முடிந்தது. 1996ல் விண்டோஸ் என்டி 4.0 வந்தது. விண்டோஸ் 95இன் அதே முகம், உள்ளே சர்வருக்கான எஞ்சின். வீட்டில் கம்ப்யூட்டர் பார்த்த யாரும் ஆபீஸ் சர்வர் முன்னாலும் பயமில்லாமல் உட்காரலாம் என்ற நிலை வந்தது.

1996

அந்த 1996ல வேற ரெண்டு விஷயமும் நடந்தது. ஒண்ணு, மெட்ராஸ் அதிகாரபூர்வமா சென்னை ஆச்சு. இன்னொண்ணு, அட்வென்ட்நெட் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. பதிவு அமெரிக்காவில், பொறியியல் வேலை சென்னையில். டோனி தாமஸ், ஸ்ரீதர் வேம்பு, அவருடைய சகோதரர்கள் சேர்ந்து கட்டிய கம்பெனி. ஸ்ரீதர் வேம்பு 1989ல் சென்னை ஐஐடியில் எலெக்ட்ரிக்கல் என்ஜினியரிங் முடித்து, பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அட்வென்ட்நெட்டின் ஆபீஸ் பல வருஷம் வேளச்சேரியில் இருந்தது. ஐஐடி வளாகத்துக்கு முன் வாசல் சர்தார் படேல் ரோட்டில் அடையாறு பக்கம் என்றால், பின்பக்கம் வேளச்சேரி. நாம 2009க்குப் பிறகு சோஹோன்னு கூப்பிடுறது இதே கம்பெனியைத்தான்.

ஆரம்பத்தில் அவர்கள் செய்தது நெட்வொர்க் கருவி தயாரிக்கும் கம்பெனிகளுக்கான மென்பொருள். ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாம் தன் நிலைமையைச் சொல்ல எஸ்என்எம்பி என்று ஒரு பாஷை வைத்திருக்கின்றன. அந்தப் பாஷையைப் பேச உதவும் நிரல்தொகுப்புகளை எழுதி விற்றார்கள். 2000, 2001ல் டெலிகாம் குமிழி உடைந்தது. வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகளே காணாமல் போக ஆரம்பித்தன. அட்வென்ட்நெட் புது வாடிக்கையாளரைத் தேட வேண்டியதாயிற்று. கருவி தயாரிப்பவரை விட்டுவிட்டு, அந்தக் கருவிகளை வைத்து ஆபீஸ் நடத்துபவரிடம் போனார்கள். 2002 வாக்கில் மேனேஜ்எஞ்சின் பிறந்தது இப்படித்தான்.

செட்டப் ஃபைல்தான் சேல்ஸ்மேன்

அந்தச் சந்தையில் ஏற்கெனவே பெரிய ஆட்கள் இருந்தார்கள். எச்பியின் ஓப்பன்வியூ, ஐபிஎம்மின் டிவோலி. அவற்றை வாங்கினால் கூடவே கன்சல்டன்ட்டும் வருவார், நிறுவ வாரக்கணக்கில் ஆகும், செலவும் அதற்கேற்ப. அமெரிக்காவில் நூறு பேர் வேலை செய்யும் ஒரு பள்ளியோ, சின்ன மருத்துவமனையோ அதைத் தொடக்கூட முடியாது. அதே நேரம், சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனி அந்தச் சின்ன ஊருக்கெல்லாம் ஆள் அனுப்பி விற்கவும் முடியாது. விமான டிக்கெட் காசுகூடத் தேறாது.

அந்த இடைவெளியை நிரப்பியது செட்டப் விசார்டு. வாடிக்கையாளர் வெப்சைட்டிலிருந்து ஃபைலை இறக்கிக்கொள்வார். 30 நாள் இலவசம். டபுள் கிளிக். லைசென்ஸுக்குச் சம்மதமா என்று ஒரு கேள்வி. எந்த ஃபோல்டரில் போடலாம் என்று ஒரு கேள்வி. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், சி டிரைவில் அட்வென்ட்நெட் என்ற பெயரிலேயே ஃபோல்டர் வரும். எந்தப் போர்ட் என்று ஒரு கேள்வி, ஏற்கெனவே ஒரு நம்பர் போட்டே இருக்கும். டெக்னிக்கல் சப்போர்ட்டுக்குப் பெயரும் இமெயிலும் பதியச் சொல்லி ஒரு திரை. ஃபினிஷ். பிரவுசர் தானாகத் திறக்கும்.

இதுல சூட்சுமம் எங்கேன்னா, அந்த ஒரே ஃபைலுக்குள்ள மூணு நாலு மென்பொருள் ஒளிஞ்சிருக்கும். ஜாவா, டாம்கேட் என்ற வெப் சர்வர், மைஎஸ்க்யூஎல் மாதிரி ஒரு டேட்டாபேஸ். இதையெல்லாம் தனித்தனியா நிறுவி ஒண்ணோட ஒண்ணைப் பேச வைக்கிறதுதான் உண்மையான கஷ்டம். அந்தக் கஷ்டத்தைச் சென்னையில உட்கார்ந்தே ஒரு தடவை பட்டுட்டாங்க. அப்புறம் உலகத்துல யாரும் படத் தேவையில்லை. கோட்டு போட்ட சேல்ஸ்மேன் செய்ய வேண்டியதை ஆறு திரைகள் செஞ்சுது.

எனக்கு இது ஒரு பெரிய சாதனையாத்தான் தெரியுது. இதைச் சொல்லாம அடுத்த பகுதிக்குப் போனா நியாயம் இல்லை.

தெரியாமல் வந்த சர்வர்

ஆனா அதே காலத்துல, வேற ஒரு இடத்துல இருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. 2003 ஜனவரி 25. ஸ்லாமர் என்ற புழு. மொத்தம் 376 பைட்தான். தாக்கப்படக் கூடிய கணினிகளில் பெரும்பகுதியை அது பத்தே நிமிடத்தில் பிடித்தது. சுமார் 75,000 கணினிகள். அமெரிக்காவில் ஏடிஎம்கள் நின்றன, தென்கொரியாவில் இணையமே படுத்தது.

அது நுழைந்த ஓட்டை மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இருந்தது. அதற்கான பேட்ச் ஆறு மாதம் முன்னாலேயே, 2002 ஜூலையில் வந்துவிட்டது. பிறகு ஏன் இத்தனை பேர் மாட்டினார்கள்? ஒரு காரணம், பலருக்குத் தங்களிடம் எஸ்க்யூஎல் சர்வர் இருப்பதே தெரியாது. அதன் சின்ன வடிவம் வேறு மென்பொருள்களின் செட்டப்போடு சேர்ந்து சத்தமில்லாமல் உள்ளே வந்திருந்தது. விசார்டு நெக்ஸ்ட் கேட்டது, அவர்கள் அழுத்தினார்கள். டேபிளில் ஒரு சர்வர் வந்து நின்றுவிட்டார். முதலாளிக்கே தெரியாத சர்வர்.

70 நாள்

இப்ப சென்னைக்குத் திரும்ப வருவோம், ஆனா கொஞ்சம் வலியோட. மேனேஜ்எஞ்சின் தயாரிப்புகளில் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்று ஒன்று உண்டு. ஊழியர் தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டால், ஐடி ஆட்களைக் கூப்பிடாமல் தானே மாற்றிக்கொள்ள உதவும் சர்வர். வீட்டிலிருந்தும் மாற்ற வேண்டும் என்பதால் பல இடங்களில் அது நேராக இணையத்தைப் பார்த்தபடி நிற்கும். பாஸ்வேர்டு வைத்திருக்கும் சர்வர் வாசலிலேயே நிற்கிறது.

2021 செப்டம்பர் தொடக்கத்தில் அதில் ஒரு கடுமையான ஓட்டை தெரிய வந்தது. லாகின் இல்லாமலே வெளியாள் உள்ளே வர முடியும். கம்பெனி பேட்ச் வெளியிட்டது. செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் எஃப்பிஐயும் சைபர் பாதுகாப்பு அமைப்புகளும் கூட்டாக எச்சரிக்கை விட்டன: ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது, உடனே போடுங்கள் என்று.

நவம்பர் 9 அன்று சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களுக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். அதே ஓட்டை வழியாக. கண்டுபிடிக்கப்பட்டது 2022 ஜனவரி 18. இடையில் 70 நாள். உள்ளே இருந்தது 5,15,000க்கும் மேற்பட்ட மனிதர்களின் தகவல்கள். யார் அவர்கள்? போரிலும் பேரிடரிலும் காணாமல் போனவர்கள், குடும்பத்தைப் பிரிந்தவர்கள், சிறையில் இருப்பவர்கள். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் பணிக்காகச் சேகரித்த விவரங்கள். அந்த சிஸ்டங்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. பேட்ச் சரியான நேரத்தில் போடப்படவில்லை என்பதைச் செஞ்சிலுவைச் சங்கமே வெளிப்படையாகச் சொன்னது. அந்த நேர்மையைப் பாராட்டணும்.

ஓட்டை மென்பொருளில் இருந்தது, அது செய்தவர் பொறுப்பு. பேட்ச் வந்த பிறகு போடாமல் விட்டது வைத்திருந்தவர் பொறுப்பு. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கழிச்சுட முடியாது.

அதற்கு அடுத்த வருடமும் ஒன்று. 2022 கடைசியில் மேனேஜ்எஞ்சினின் 20க்கும் மேற்பட்ட தயாரிப்புகளுக்கு ஒரே காரணத்துக்காகப் பேட்ச் விட வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்குள்ளும் அப்பாச்சியின் ஒரு நூலகம், பழைய வெர்ஷன், ஒளிந்திருந்தது. செட்டப் ஃபைலுக்குள் எல்லாவற்றையும் கட்டி அனுப்பியதுதான் வெற்றியின் ரகசியம் என்று சொன்னேன் இல்லையா? அந்த மூட்டையின் மறுபக்கம் இது. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு வாங்கினவருக்குத் தெரியாது.

விசார்டு கேட்காத கேள்வி

யோசிச்சுப் பாருங்க. விசார்டு நம்மகிட்ட எல்லாம் கேட்டுது. எந்த ஃபோல்டர், எந்தப் போர்ட், உன் இமெயில் என்ன. "நாளைக்கு இதை யார் பார்த்துப்பாங்க?"ன்னு மட்டும் கேட்கவே இல்லை. அதுக்குப் பதிலா 'ஃபினிஷ்'னு ஒரு பட்டனைக் காட்டுச்சு. வேலை முடிஞ்சதுன்னு நாமளும் நம்பிட்டோம்.

பழைய முறையில சர்வர் போட்டவருக்கு அது ரொம்பக் கஷ்டம். ஆனா கஷ்டப்பட்டதால உள்ளே என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும், அந்த ஆபீஸுக்கும் அவரைத் தெரியும். விசார்டு அந்த ஆளோட தேவையை எடுத்துடுச்சு. அது நல்லதுக்குத்தான், இல்லைன்னா வேளச்சேரியில எழுதின மென்பொருள் இத்தனை ஊருக்குப் போயிருக்காது. ஆனா அந்த ஆளோடு சேர்ந்து பொறுப்பும் காணாமப் போயிடுச்சு. யாரும் அதைத் தனியா எடுத்து வைக்கலை.

அதனால ஆரம்பத்துல சொன்ன அந்தத் தாளுக்கே வர்றேன். உங்க ஆபீஸ்ல அது இருந்தா, கிழிச்சுப் போட வேண்டாம். கீழே மூணு வரி சேர்த்து எழுதுங்க. உள்ளே என்னென்ன மென்பொருள் ஓடுது. கடைசியா எந்தத் தேதியில அப்டேட் பண்ணினீங்க. இதைப் பார்த்துக்கிறவர் பேர் என்ன. மூணாவது வரிக்குப் பதில் தெரியலைன்னா, அந்த கம்ப்யூட்டரை முதல்ல ஆஃப் பண்ணலாமான்னு ஒரு தடவை யோசிங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க ஆபீஸ்ல மேசைக்கு அடியில என்ன கிடைச்சுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.