ஹார்ட் டிஸ்க் பழுது

வீட்டுக் கணினியில் தரவைக் காந்தத் தட்டுகளில் பதியும் வன்தட்டு செயலிழப்பது. தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஓடும்போது தட்டிவிட்டால் முனை உரசிப் பதிவு அழியலாம். ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் பெருங்கேடு.

கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வருடல் பிழை (தட்டின் பரப்பைச் சோதிக்கையில் தெரியும் பிழை) தோன்றிய வன்தட்டு 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு. பிழை கண்ட அன்றே நகலெடுப்பது நல்லது.

திருவாண்டார்கோயில் போன்ற புதுவைக் கிராமங்களில் கரண்ட் திடீரென நின்றால், முனை தானாக ஒதுங்கிக்கொள்ளும். பாதி எழுதிய கோப்புதான் சிதையும். அதற்கு யுபிஎஸ் போதும். 2011 டிசம்பர் 30இல் கரைகடந்த ‘தானே’ போன்ற புயலுக்கு, வெளியூரில் ஒரு நகல் வேண்டும்.