கோஷா ஆஸ்பத்திரியும் ஈஸ்ட் சாறும்

இன்று ஃபோலிக் அமிலம் என்று அறியப்படும் பி9 வைட்டமினுக்கான முதல் உறுதியான தடயம் பம்பாய், குன்னூர், சென்னை ஆகிய மூன்று ஊர்களில் நடந்த ஆய்வுகளில்தான் கிடைத்தது என்பதும், அதைத் தேடிப் பிடித்தவர் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்த ஓர் ஆங்கிலேயப் பெண் என்பதும் பாடநூல்களில் பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துபோகும் செய்திகள். 1888இல் பர்மிங்ஹாமுக்கு அருகே பிறந்த லூசி வில்ஸ், கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் பயின்று 1911இல் தேர்வு எழுதியபோதிலும், பெண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அப்பல்கலைக்கழகத்துக்கு இல்லாததால் பட்டமின்றியே வெளியேறினார். 1920இல், தம் 32ஆம் வயதில், லண்டனில் மருத்துவராகத் தகுதி பெற்ற பின்னரும் நோயாளி பார்க்கும் தொழிலை விடுத்து ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தையே தேர்ந்துகொண்டார்.

அக்காலத்தில் இரத்தசோகை ஆய்வு பெரும் திருப்பத்தைக் கண்டிருந்தது. அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி ஆகிய இருவரும், 'பெர்னீஷியஸ் அனீமியா' எனப்பட்ட உயிர்குடிக்கும் இரத்தசோகையால் வாடிய 45 பேருக்கு நாள்தோறும் ஈரலை உணவாகக் கொடுத்து அவர்களைத் தேற்றிக் காட்டியது 1926இல். ஈரலில் இருந்த அந்தப் பொருள் பி12 வைட்டமின் என்பது 1948இல்தான் தெரியவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், இவ்வகை இரத்தசோகை அனைத்துக்கும் ஈரலின் அந்த ஒரே பொருள்தான் மருந்து என்ற எண்ணம் வலுத்திருந்தது.

கருவுற்ற பெண்களுக்கு ஏற்படும் இரத்தசோகையை ஆராய 1928இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்த வில்ஸ், ஏழைப் பெண்களின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், இருப்பவை இயல்பை மீறிப் பருத்தும் இருப்பதைக் கண்டார். 'மேக்ரோசைட்டிக்' இரத்தசோகை என இது குறிக்கப்படும். நோய்க்கிருமி எதையும் காணாத நிலையில் அவர் கவனம் அப்பெண்களின் சாப்பாட்டின் மீது திரும்பியது. காய்கறியும் பழமும் அருகிய அந்த உணவையே கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது அவையும் சோகை கண்டன, ஈஸ்ட் சேர்த்தபோது பிழைத்தன. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், உணவாய்வில் பெயர்பெற்ற ராபர்ட் மக்காரிசன் இருந்த இடத்தில், இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. எனினும் எலிகளின் உடலில் பேன் பற்றி, அதன் வழி வந்த தொற்றும் சோகையை உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்ததால், முடிவுகளை அப்படியே நம்ப இயலாமல் குரங்குகளை வைத்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

1931இன் தொடக்கத்தில் அவர் பணியாற்றியது சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியில். இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. ஈரல் சத்து விலை கூடியது, ஏழைகளுக்கு எட்டாதது. ஆகவே பீர் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும், ரொட்டியில் தடவித் தின்னும் கரிய, உப்புக் கரிக்கும் 'மார்மைட்' பசையை அவர் மருந்தாக்கினார். அதை உண்ட பெண்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் எண்ணியபோது, 'ரெட்டிகுலோசைட்' எனப்படும் இளஞ்சிவப்பணுக்கள், அதாவது எலும்பு மஜ்ஜை மீண்டும் வேலை தொடங்கிவிட்டதற்கு அடையாளமாக வெளிவரும் புத்தணுக்கள், சில நாள்களிலேயே பெருகியிருந்தன. இம்முடிவு அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று.

இதைவிடக் கூர்மையான வாதத்தை அவர் பின்னரே வைத்தார் என்று சொல்ல வேண்டும். நன்கு தூய்மைப்படுத்திய ஈரல் சாறு பெர்னீஷியஸ் அனீமியாவைத் தீர்த்ததே ஒழிய இப்பெண்களின் சோகையைத் தீர்க்கவில்லை. அரைகுறையாய் வடித்த சாறோ தீர்த்தது. தூய்மைப்படுத்தும்போது கழிக்கப்பட்ட பகுதியில் வேறொரு பொருள் போகிறது என்பதே இதன் பொருள், ஆகவே மருந்துகள் ஒன்றல்ல, இரண்டு. 1937, 1938ஆம் ஆண்டுகளின் கட்டுரைகளில் வில்ஸும் உடன் ஆய்ந்தோரும் இதை நிறுவினர். பெயரில்லாத அப்பொருள் சில காலம் 'வில்ஸ் காரணி' என்றே வழங்கிற்று.

அது செய்யும் வேலை பிற்காலத்தில் புலப்பட்டது. அணு இரண்டாகப் பிளக்குமுன் தன் மரபுப்பொருளான டிஎன்ஏவை இரட்டிக்க வேண்டும். அதற்கு இவ்வைட்டமின் இன்றியமையாதது. அது குறைந்தால் மஜ்ஜையிலுள்ள அணுவின் உடல் பருக்கிறது, உட்கரு மட்டும் பிளவுக்கு ஆயத்தமாகாமல் பின்தங்குகிறது. பருத்த சிவப்பணுக்கள் தோன்றுவது இதனால்தான். கரு வளரும் உடலில் அணுப்பிளவு மிகுவதால் தேவையும் மிகுகிறது.

1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து இப்பொருளை ஓரளவு பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான 'ஃபோலியம்' கொண்டு பெயரிட்டனர். அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கிய செய்தி 1945இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லே ஆய்வகத்திலிருந்து வந்தது. அவ்வாய்வகத்தில் ஆராய்ச்சியை நடத்தியவர் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஃபோலிக் அமிலத்தின் உருவை ஒத்தும் அதன் வேலையைத் தடுத்தும் நிற்கும் அமினோப்டெரினை அவர் குழு செய்ய, அது 1947ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டனில் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது.

(தொடரும்)