ஸ்ரீரங்கப்பட்டணத்து அதிகாரிகள் சிறை (1780–1784)

மைசூர் இராச்சியத்தின் தலைநகரமாய் விளங்கிய ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில், இரண்டாம் மைசூர் யுத்தத்தின்போது கிழக்கிந்தியக் கும்பினியாரின் தரப்பில் போரிட்ட ஐரோப்பியப் படை அதிகாரிகள் அடைபட்டிருந்த காவற்கூடம் இது. சிறை கன்னட தேசத்தில் இருந்ததாயினும், அதற்குக் கைதிகளை அனுப்பிய பெரும்போர்கள் தமிழ் மண்ணிலே நிகழ்ந்தவை.

1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் வளைத்து முறியடித்தபோது, பெய்லியும் படுகாயமுற்ற காப்டன் டேவிட் பெயர்டும் பிடிபட்டனர். 1782 பிப்ரவரியில் கொள்ளிடக்கரை அன்னகுடியில் திப்புவிடம் தோற்ற கர்னல் பிராத்வெயிட்டும் பின்னர் அவர்களோடு சேர்ந்தார். காலில் விலங்கு, உணவுக்கு அற்பமான நாட்படி, ஓயாத நோய் என்று சிறைவாசம் நீண்டது. பெயர்டின் புண்பட்ட காலுக்குரிய விலங்கையும் தம் காலிலேயே பூட்டும்படி உடனிருந்த கைதி காப்டன் லூகஸ் வேண்டிக்கொண்டார் என்பது அவர்கள் சரித்திரத்தில் பிரசித்தமான செய்தி. லூகஸ் சிறையிலேயே மாண்டார். பெய்லியும் 1782 நவம்பர் 13-இல் அங்கே உயிர்நீத்தார்.

மதுரைச் சீமைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1783-இல் தென்பாண்டிப் பாளையக்காரரை அடக்கியபின், கும்பினிப் படைத்தலைவர் கர்னல் புல்லர்ட்டன் திண்டுக்கல் வழியே மேற்கே படை நடத்தி, நவம்பரில் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றி, ஸ்ரீரங்கப்பட்டணத்தையே தாக்கக் கருதியிருந்தார். சமாதானப் பேச்சை முன்னிட்டுச் சென்னை அரசாங்கம் அவரைத் தடுத்துவிட்டது. 1784 மார்ச் 11-இல் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கைக்குப் பின்னரே கைதிகள் விடுதலை பெற்றனர். 1799 மே 4-இல் அதே கோட்டைமீது பாய்ந்த ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கியவர் பெயர்டுதான்.

இன்று பிரயாணிகளுக்குப் 'பெய்லியின் நிலவறை' என்று காட்டப்படும் வளைவுக் கட்டடத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. கைதிகளின் குறிப்புகளில் தென்படுவது, மண்சுவர் சூழ்ந்த முற்றமும் தாழ்வாரமுமே. அக்குறிப்புகளும், திப்புவைக் கொடுங்கோலனாகச் சித்திரிக்க விரும்பிய இங்கிலாந்து வாசகருக்கு உவப்பாக அமைந்தவை என்பதை மனத்திற்கொண்டே படிக்கத்தக்கவை. ஐரோப்பிய அதிகாரிகள் நூல் எழுதினர்; அவர்களோடு பிடிபட்ட சிப்பாய்களின் துன்பமோ பிறர் எழுத்தில் ஓரிரு வரிகளாகவே எஞ்சியது. பெய்லிக்கு 1816-இல் அவருடைய உறவினர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் எழுப்பினார்.