கருப்பையை எடுத்தால் எது தீரும்?

1994 பிப்ரவரியில், புனேயின் சாசூன் அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பைகள் அகற்றப்பட்டன. நோய்க்காக அல்ல. சிரூர் அரசு விடுதியில் இருந்த, அறிவுவளர்ச்சி குன்றிய பெண்கள் அவர்கள். மாதவிலக்கு நாட்களில் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் எதிர்த்துப் போராடிய பிறகுதான் மீதி அறுவை சிகிச்சைகள் நின்றன.

சொல்லப்பட்ட இன்னொரு காரணம், கர்ப்ப பயம். கருப்பை போனால் கரு தங்காது, உண்மைதான். ஆனால் வன்முறை நிற்காது. வெளியே தெரியாமல் போகும், அவ்வளவே. வாய்விட்டுச் சொல்ல முடியாத பெண்ணுக்கு இது பாதுகாப்பா, குற்றவாளிக்குப் பாதுகாப்பா?

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'அறிவு மந்தமானவர்' என்று முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. அவர் முன்பு கருவுற்றது வன்புணர்வால். தண்டனை அவர் உடலுக்கே கிடைத்தது.

இந்தியச் சட்டம் மெல்ல நகர்ந்தது. சண்டிகர் அரசு இல்லத்தில் வன்புணர்வால் கருவுற்ற, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் கருவை அவர் விருப்பத்தை மீறிக் கலைக்கக் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுமையாகப் புரிந்து ஒப்புக்கொள்ளாத மாற்றுத்திறனாளிக்கு மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சை எதுவும் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு.

ஆனால் சட்டம் வந்து நாப்கின் மாற்றிவிடாது. அணைக்கட்டில் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் ஷூ கம்பெனி வேலைக்குக் கிளம்ப வேண்டும். வீட்டில் வயதுக்கு வந்த மகள், பார்த்துக்கொள்ள ஆளில்லை. "ஆபரேஷன் பண்ணிடு, நிம்மதி" என்று யாராவது சொன்னால் அவள் தலையாட்டுவது கொடுமையால் அல்ல, களைப்பால்.

வழி இருக்கிறது, ஆனால் அதற்கு நேரம் வேண்டும். வயதுக்கு வருமுன்பே தொடங்க வேண்டும். துணியில் சிவப்பு மை தொட்டுக் காட்டி, தினமும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில், படம் வைத்துப் பழக்கினால் பல பெண்கள் தாங்களே செய்யக் கற்கிறார்கள். முழுதும் கற்காதவர்களுக்கு உதவ இன்னொரு பெண் வேண்டும். உதிரப்போக்கு மிகுந்தால் மருந்து உண்டு. யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதையும் இந்தப் பாடத்தோடே சொல்லித்தர வேண்டும்.

சிரூரில் குறைந்தது பெண்களின் அறிவு அல்ல, அவர்களோடு உட்கார்ந்து கற்பிக்கும் ஆட்கள். அணைக்கட்டுத் தாய்க்கும் அதுவே குறை. பகல்நேரப் பராமரிப்பு மையமும், சம்பளம் பிடிக்காத விடுப்பும் கேட்க வேண்டிய இடத்தில், நாம் இன்னும் மகளின் உடலையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.